சர்க்கரை ‘கட்டுப்பாட்டில் இல்லை’ என்றால் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?

நம் வீடுகளில் ஒருவருக்குச் ‘சுகர் கன்ட்ரோலில் இல்லை’ என்று சொன்னால், அது ஏறிக் கிடக்கிறது என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். இறங்கிப்போனால் அதற்கு வேறு பேச்சு இருக்கிறது: ‘லோ சுகர் ஆகிவிட்டது’, ‘சுகர் இறங்கி மயக்கம் போட்டுவிட்டார்’. வீட்டிலும் மருந்துக்கடை வாசலிலும் இந்தப் புரிதலால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளுக்குக் குறியீடு இடும் வேலைக்கு வருகிறவர் இதே புரிதலோடு வந்தால், முதல் ஆடிட்டிலேயே மாட்டிக்கொள்வார். மருத்துவர் எழுதிய ‘அன்கன்ட்ரோல்டு டயாபெட்டீஸ்’ என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் அவருடைய கை தானாக இ11.65 என்று தட்டிவிடும். இரத்தச் சர்க்கரை மிகுந்த நிலையில் உள்ள இரண்டாம் வகை நீரிழிவு என்பது அந்தக் குறியீட்டின் பொருள். மருத்துவரோ மிகுந்திருப்பதாக எங்கும் எழுதியிருக்க மாட்டார்.

நோயாளி வீடு திரும்பிய பிறகு, அவருடைய மருத்துவப் பதிவேட்டை முழுவதும் படித்து, அதில் மருத்துவர் எழுதியுள்ள ஒவ்வொரு நோயையும் உரிய எண்ணாக மாற்றுவதே கோடரின் வேலை. அமெரிக்காவில் இதற்குப் பயன்படும் நோய் வகைப்பாடு ஐசிடி-10-சிஎம் எனப்படும். அது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10ஐ அடிப்படையாகக் கொண்டதுதான் என்றாலும், நீரிழிவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கப் பதிப்பில் நீரிழிவுக்கு ஐந்து தலைப்புகள் உண்டு. வேறொரு நோயால் வந்த நீரிழிவு இ08, மருந்தாலோ இரசாயனத்தாலோ வந்தது இ09, முதல் வகை இ10, இரண்டாம் வகை இ11, இவற்றில் அடங்காத பிற வகைகள் இ13. வகை குறிப்பிடப்படாத நீரிழிவுக்கு உலகப் பதிப்பில் இ14 என்று தனி இடம் இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை. மருத்துவர் வகையை எழுதாமல் விட்டால் இ11 என்றே கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்பதற்காக அவரை முதல் வகைக்கு மாற்றிவிடக் கூடாது.

‘அன்கன்ட்ரோல்டு’ என்ற சொல் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முந்தைய வகைப்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2015க்கு முன் வழக்கிலிருந்த ஐசிடி-9-சிஎம்மில் முதல் வகை, இரண்டாம் வகை நீரிழிவு இரண்டும் 250 என்ற ஒரே எண்ணுக்குள் இருந்தன. ஐந்தாவது இலக்கம்தான் வகையையும் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சொல்லும். இரண்டாம் வகை, கட்டுப்பாடு இழந்ததாகக் குறிப்பிடப்படவில்லை என்றால் 0. முதல் வகை, அவ்வாறே குறிப்பிடப்படவில்லை என்றால் 1. இரண்டாம் வகை, கட்டுப்பாட்டில் இல்லை என்றால் 2. முதல் வகை, கட்டுப்பாட்டில் இல்லை என்றால் 3. ஆக மருத்துவர் ‘அன்கன்ட்ரோல்டு’ என்று எழுதினால் போதும், குறியீடு வந்துவிடும். சர்க்கரை எந்தப் பக்கம் போனது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்தச் சொல்லை எழுதிப் பழகியது இப்படித்தான். வகைப்பாடு மாறிய பிறகும் அவர்கள் கையெழுத்தில் அது மாறவில்லை.

புதிய வகைப்பாடு கட்டுப்பாடு என்ற தீர்ப்பை விட்டுவிட்டுத் திசையைக் கேட்கிறது. சர்க்கரை ஏறியிருந்தால், அதாவது ஹைப்பர்கிளைசீமியா என்றால், இ11.65. இறங்கியிருந்தால், அதாவது ஹைப்போகிளைசீமியா என்றால், நினைவிழப்பு இல்லாதபோது இ11.649, நினைவிழந்த கோமா நிலையில் இ11.641. அகரவரிசை அட்டவணையில் ‘டயாபெட்டீஸ்’ என்ற தலைச்சொல்லின் கீழ் ‘அன்கன்ட்ரோல்டு’ என்று தேடிப் பாருங்கள். அங்கே குறியீடு இருக்காது. இரண்டு வழிகாட்டிகள் மட்டும் இருக்கும். ஹைப்பர்கிளைசீமியா என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தால் அங்கே போ, ஹைப்போகிளைசீமியா என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தால் இங்கே போ என்று இரண்டு பக்கமும் கை காட்டிவிட்டு அட்டவணை நின்றுவிடுகிறது. எந்தப் பொருளில் எழுதினார் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

புதியவர்களைக் குழப்புகிற இடம் இதற்கு அடுத்தது. ‘பூர்லி கன்ட்ரோல்டு’, ‘இனாடிக்வெட்லி கன்ட்ரோல்டு’, ‘அவுட் ஆஃப் கன்ட்ரோல்’ ஆகிய மூன்று தொடர்களையும் அட்டவணை நேராக ஹைப்பர்கிளைசீமியாவுக்கு அனுப்பிவிடுகிறது. இவற்றில் ஒன்றை மருத்துவர் எழுதியிருந்தால் கேள்வி எதுவும் கேட்காமல் இ11.65 இடலாம். ‘அவுட் ஆஃப் கன்ட்ரோல்’ என்பதற்கும் ‘அன்கன்ட்ரோல்டு’ என்பதற்கும் பொருளில் என்ன வேறுபாடு என்று வகுப்பில் யாராவது ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். மொழியளவில் வேறுபாடு ஒன்றும் இல்லை என்றே நான் சொல்வேன். ஆனால் கோடர் அட்டவணைக்குக் கட்டுப்பட்டவர்; அட்டவணை வேறுபடுத்தினால் அவரும் வேறுபடுத்தத்தான் வேண்டும். ‘பிரிட்டில் டயாபெட்டீஸ்’ என்ற தொடரும் இத்தகையதே. சர்க்கரை மேலும் கீழும் ஊசலாடுகிறது என்பதைத்தான் மருத்துவர் சொல்ல வருகிறார். வகைப்பாடோ அதை முதல் வகை நீரிழிவுக்கான இன்னொரு பெயராக இ10இன் கீழ் வைத்திருக்கிறது.

வகுப்புக்காக நான் புனைந்து வைத்திருக்கும் ஒரு சார்ட்டைக் கொண்டு மீதியை விளக்குகிறேன். நோயாளி 62 வயதுப் பெண். இடது பாதத்தில் ஆறாத புண்ணுடன் அவசரப் பிரிவு வழியாகச் சேர்க்கப்படுகிறார். வீட்டில் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டு வந்தவர். சேர்ந்த அன்று இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 312 மில்லிகிராம், எச்பிஏ1சி 10.4 சதவீதம். மருத்துவர் எழுதுகிறார்: ‘டைப் 2 டயாபெட்டீஸ், அன்கன்ட்ரோல்டு, வித் லெஃப்ட் ஃபுட் அல்சர், ஃபேட் லேயர் எக்ஸ்போஸ்டு’. மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலின் தொடங்குகிறார். மூன்றாம் நாள் அதிகாலை 3 மணிக்குச் செவிலியர் விரல் நுனியில் எடுத்த அளவு 58. அவருடைய குறிப்பில் ‘வியர்த்திருந்தார், இரவு உணவு பாதிதான் சாப்பிட்டிருந்தார், ஆரஞ்சுச் சாறு கொடுக்கப்பட்டது, 15 நிமிடம் கழித்து 84’ என்று இருக்கிறது. காலையில் மருத்துவர் இரவு இன்சுலின் அளவைக் குறைக்கிறார். ஏன் குறைத்தார் என்று எழுதவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் மறுபடியும் ‘அன்கன்ட்ரோல்டு டயாபெட்டீஸ், இம்ப்ரூவ்டு’. மெட்ஃபார்மினுடன் இன்னொரு மாத்திரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புகிறார்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: 312 என்ற எண் கண்ணெதிரே இருக்கும்போது மருத்துவரிடம் கேட்க என்ன இருக்கிறது? எண் சொல்வது உண்மைதான். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது, 10.4 சதவீதம் என்பது ஏறத்தாழ டெசிலிட்டருக்கு 252 மில்லிகிராம் சராசரிக்குச் சமம். பெரும்பாலான பெரியவர்களுக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் பொது இலக்கு. ஆனாலும் ஆய்வக முடிவை வைத்துக் கோடர் நோயை முடிவு செய்யக் கூடாது என்பது அமெரிக்கக் குறியீட்டு வழிகாட்டு நெறிகளின் அடிப்படை விதி. இயல்புக்கு மாறான ஒரு அளவு, சிகிச்சை தரும் மருத்துவர் அதை மருத்துவ முக்கியத்துவம் உடையதாகக் கருதி எழுதினால் மட்டுமே குறியீடாகும்.

இந்த விதி வெறும் சம்பிரதாயம் அல்ல. இரத்தசோகை உள்ளவருக்கு, அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவருக்கு, சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எச்பிஏ1சி உண்மை நிலையிலிருந்து விலகிக் காட்டும். வயதில் மூத்த, பல நோய்கள் சூழ்ந்த ஒருவருக்கு 8 சதவீதமே போதும் என்று மருத்துவர் வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கலாம், அவருக்கு 7.8 என்பது கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் அளவு. நீரிழிவே இல்லாத ஒருவருக்குக் கடுமையான தொற்றின்போது சர்க்கரை தற்காலிகமாக ஏறும். அதை மருத்துவர் ஹைப்பர்கிளைசீமியா என்று மட்டும் எழுதினால் குறியீடு ஆர்73.9, நீரிழிவின் பக்கமே போகக் கூடாது. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் கோடர் இவர்கள் எல்லோரையும் தவறாகப் பதிவு செய்துவிடுவார்.

எண்ணை நேராகக் குறியீடாக்கும் இடமும் ஒன்று உண்டு. இரண்டையும் கலந்துவிடாமல் இருக்க அதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநோயாளிப் பிரிவில் சிகிச்சையின் தரத்தை அளப்பதற்காக நான்கு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட வேறு வகைக் குறியீடுகள் இருக்கின்றன. எச்பிஏ1சி 7க்குக் கீழே என்றால் 3044எஃப். 7 முதல் 8க்குக் கீழ் வரை 3051எஃப். 8 முதல் 9 வரை 3052எஃப். 9ஐத் தாண்டினால் 3046எஃப். இங்கே மருத்துவரின் சொல் தேவையில்லை, முடிவுத்தாளில் உள்ள அளவே போதும். தர அளவீட்டில் 9 சதவீதத்துக்கு மேல் என்பதையே ‘மோசமான கட்டுப்பாடு’ என்பார்கள். அந்த வரையறையை எடுத்துக்கொண்டுபோய், ‘9.6 இருக்கிறது, ஆகவே பூர்லி கன்ட்ரோல்டு, ஆகவே இ11.65’ என்று உள்நோயாளி சார்ட்டில் போடுவது நான் அடிக்கடி திருத்தும் தவறு.

ஆகவே கேட்க வேண்டும். கேட்கும் கடிதத்துக்குத்தான் குவெரி என்று பெயர். அதை எழுதும் முறைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. சார்ட்டில் உள்ள சான்றுகளை எடுத்து வைக்கலாம். விடையை ஊட்டக் கூடாது. ‘ஹைப்பர்கிளைசீமியா என்று சேர்த்து எழுதித் தர முடியுமா?’ என்பது ஊட்டுவது. இதை எழுதினால் மருத்துவமனைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் குறிப்பாகக்கூட உணர்த்தக் கூடாது. நம் சார்ட்டுக்கான குவெரி ஏறத்தாழ இப்படி அமையும்: ‘சேர்க்கைக் குறிப்பிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அன்கன்ட்ரோல்டு டயாபெட்டீஸ் என்று பதிவாகியுள்ளது. சேர்க்கையின்போது சர்க்கரை 312, எச்பிஏ1சி 10.4, இன்சுலின் தொடங்கப்பட்டது. மூன்றாம் நாள் அதிகாலை 58, வியர்வை, பழச்சாறு தரப்பட்டது, இரவு இன்சுலின் குறைக்கப்பட்டது. அன்கன்ட்ரோல்டு என்பதன் மருத்துவப் பொருளைத் தெளிவுபடுத்தவும்.’ இதன் கீழே தெரிவுகள்: ஹைப்பர்கிளைசீமியாவுடன் நீரிழிவு, ஹைப்போகிளைசீமியாவுடன் நீரிழிவு, இரண்டும், வேறு, தீர்மானிக்க இயலவில்லை. கடைசி இரண்டையும் விட்டுவிடும் குவெரி ஆடிட்டில் தேறாது.

செவிலியரின் குறிப்பையும் குவெரியில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். செவிலியர் எழுதியதை வைத்து நோயைக் குறியீடாக்க முடியாது. புண்ணின் ஆழம், உடல் நிறைக் குறியெண் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றிலும் அடிப்படை நோயை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். அதிகாலை 58 என்ற எண் செவிலியரின் பக்கத்தில் மட்டுமே இருக்கும்போது, மருத்துவரின் பார்வைக்கு அதைக் கொண்டுபோகும் ஒரே வழி குவெரிதான். ‘அன்கன்ட்ரோல்டு’ என்ற சொல்லைப் பார்த்த வேகத்தில் இ11.65 இட்டு மூடியிருந்தால், அந்த இரவு பதிவிலிருந்தே மறைந்திருக்கும்.

மறுமொழி வருவதற்குள் மற்றக் குறியீடுகளைப் பார்த்துவிடலாம். பாதப்புண்ணுக்கு இ11.621, புண் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்ல எல்97.522. நீரிழிவால்தான் புண் வந்தது என்று மருத்துவர் தனியாக எழுத வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. அட்டவணையில் நீரிழிவின் கீழ் ‘வித்’ என்ற சொல்லுக்குப் பின் பெயரிட்டுப் பட்டியலிடப்பட்ட நோய்களுக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டென்றே வகைப்பாடு எடுத்துக்கொள்கிறது. தொடர்பில்லை என்று மருத்துவர் தெளிவாக எழுதினால்தான் பிரிக்க வேண்டும். நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இ11.22 இடுவதும் இதே விதிப்படிதான். அதோடு நோயின் நிலையைக் காட்ட என்18இலிருந்து ஒன்று சேரும்.

சிக்கல்களையும் கட்டுப்பாட்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் நரம்பு பாதிக்கப்பட்ட ஒருவர் இன்று எச்பிஏ1சி 6.4 வைத்திருக்கலாம், அவருக்கு நரம்புச் சிக்கலின் குறியீடு உண்டு, இ11.65 கிடையாது. சென்ற வாரம்தான் நோய் கண்டறியப்பட்டவர், எந்தச் சிக்கலும் தொடங்காதவர், 400 அளவோடு வரலாம். மருத்துவர் ஹைப்பர்கிளைசீமியா என்று எழுதினால் அவருக்கு இ11.65 உண்டு. வகைப்பாட்டின் கண்ணில் மிகைச் சர்க்கரையும் ஒரு சிக்கல்தான் என்பதால், சிக்கலற்ற நீரிழிவைக் குறிக்கும் இ11.9ஐ அதன் பக்கத்தில் வைக்க முடியாது. புதியவர்களின் தாளில் இந்த இரண்டும் ஜோடியாக உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், ‘கன்ட்ரோல்’ என்ற சொல் இ11 தலைப்பின் கீழே உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் வேறொரு பொருளில். எதைக் கொண்டு கட்டுப்படுத்தப்படுகிறது என்பதைக் காட்டக் கூடுதல் குறியீடு இடுக என்று அங்கே ஒரு கட்டளை உண்டு. நீண்டகால இன்சுலினுக்கு இசட்79.4, வாய்வழி மாத்திரைக்கு இசட்79.84, இன்சுலின் அல்லாத ஊசி மருந்துக்கு இசட்79.85. மாத்திரையும் இன்சுலினும் சேர்ந்தே நீண்டகாலமாகப் பயன்பட்டால் இரண்டையும் இட வேண்டும். நம் நோயாளிக்கு மருத்துவமனையில் இன்சுலின் கொடுத்தது சர்க்கரையைத் தற்காலிகமாகக் கட்டுக்குள் கொண்டுவரத்தான். வீட்டுக்குப் போகும்போது மாத்திரை மட்டுமே. ஆகவே அவருக்கு இசட்79.4 வராது, இசட்79.84 மட்டும்.

சர்க்கரை ஏன் தவறியது என்பதும் பதிவில் இருந்தால் அதற்கும் இடமுண்டு. மூச்சிரைப்புக்காகக் கொடுத்த ஸ்டீராய்டால் ஏற்கெனவே உள்ள நீரிழிவு ஏறினால், இ11.65உடன் டி38.0எக்ஸ்5ஏ சேரும். ஸ்டீராய்டால் நீரிழிவே புதிதாக உண்டானால் கதை இ09க்குப் போய்விடும். பணமில்லாமலோ மறந்தோ மருந்தைக் குறைவாக எடுத்துக்கொண்டதால் ஏறியது என்றால் டி38.3எக்ஸ்6ஏ, அது எந்நாளும் முதல் குறியீடாக நிற்காது. ‘கட்டுப்பாட்டில் இல்லை’ என்று எழுதும் மருத்துவர், இந்தக் காரணத்தையும் அதே வரியில் ஐந்தாறு சொற்களில் சேர்த்துவிட்டால், கோடரும் குவெரியும் அவரைத் தேடி வரமாட்டார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இ11.65 ஆனாலும் இ11.649 ஆனாலும் உள்நோயாளிக் கட்டணத் தொகுப்பை அவை உயர்த்துவதில்லை. இரத்தத்தில் அமிலம் மிகும் கீட்டோஅமிலத்துவத்தைக் குறிக்கும் இ11.10 போன்றவை உயர்த்தும். ஆனால் அவற்றில் வேறொரு கத்தி இருக்கிறது. 2008 அக்டோபர் 1 முதல், மருத்துவமனையில் வந்து சேர்ந்த பிறகு உண்டான சில நிலைகளுக்கு அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் கூடுதல் தொகை தருவதில்லை. அந்தப் பட்டியலில் ‘மோசமான சர்க்கரைக் கட்டுப்பாட்டின் வெளிப்பாடுகள்’ என்ற பிரிவும் உண்டு. கீட்டோஅமிலத்துவமும் சர்க்கரை இறங்கிய கோமாவும் அதில் அடங்கும். இதைக் கண்டறியவே, விலக்களிக்கப்பட்ட சில தவிர ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் பிஓஏ என்ற அடையாளம் இடப்படுகிறது. சேர்க்கையின்போதே இருந்தது என்றால் ஒய் (Y), பின்னர் வந்தது என்றால் என் (N), பதிவு போதவில்லை என்றால் யு, மருத்துவராலேயே தீர்மானிக்க முடியவில்லை என்றால் டபிள்யூ.

நம் சார்ட்டுக்கு மறுமொழி வந்துவிட்டது. மருத்துவர் ‘இரண்டும்’ என்பதைத் தெரிவுசெய்து, கீழே எழுதியிருக்கிறார்: ‘சேர்க்கையில் ஹைப்பர்கிளைசீமியா. மூன்றாம் நாள் இன்சுலினுக்குப் பின் ஹைப்போகிளைசீமியா, லெவல் 1, கோமா இல்லை’. புண்ணுக்கான இ11.621 முதலில், அடுத்து எல்97.522, பிறகு இ11.65, மூன்றுக்கும் ஒய். அதன் பின் இ11.649, சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்ற லெவலைக் காட்ட இ16.ஏ1, இரண்டுக்கும் என். இன்சுலின் முறையாகக் கொடுக்கப்பட்டும் இறங்கியதால், மருந்தின் பக்கவிளைவைக் காட்டும் டி38.3எக்ஸ்5ஏவும் என் அடையாளத்தோடு சேர்கிறது. கடைசியில் இசட்79.84, அதற்கு அடையாளம் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒற்றைச் சொல்லாக இருந்த ‘அன்கன்ட்ரோல்டு’, இப்போது ஒய் போட்ட ஒரு ஏற்றமும் என் போட்ட ஓர் இறக்கமுமாகப் பிரிந்து நிற்கிறது.